எதிர்க்கடையின் சாட்சி

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் சேலைக்கடை வைத்திருக்கும் சாரதாதேவிக்கு வயிறு பற்றி எரிந்தது. தன்னிடம் வேலை பார்த்த லக்சிகா, ஒப்பந்தத்தை மீறி எதிரிலேயே கடை திறந்தது பிழை, அதை மூடவேண்டும் என்று கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் அங்கே இன்றைக்கும் மூன்று மணப்பெண்கள் கூறைப்புடவை பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வக்கீல் சாம்பவிக்குப் போன் போட்டாள்.

"பிள்ளை, வெண்டது நாங்கள்தானே? அவள் ஏன் இன்னும் மூடேல்லை?"

"அப்பீல் முடியுமட்டும் தீர்ப்பை நிப்பாட்டி வைச்சிட்டினம், அன்ரி. இப்ப மூடினால், பிறகு அப்பீலிலை வெண்டாலும் அவவாலை கடையைத் திரும்ப எழுப்பேலாது எண்டு ஜட்ஜ் நம்பிட்டார்."

"அப்பிடிச் சாட்சி சொன்ன நாசமறுவார் ஆர்?"

சாம்பவி தயங்கினாள். "ஒரு வொய்ஸ் மெசேஜ், அன்ரி. பிரெஞ்சிலை மொழிபெயர்த்துக் குடுத்திருக்கினம். போடுறன், கேளுங்கோ."

போனுக்குள் ஒரு பெண்குரல் கெக்கட்டமிட்டுச் சிரித்தது. "ஒரு மாசம் பூட்டிக் கிடந்தால் காணும். பிறகு அந்த நல்லூர் முருகனே வந்தாலும் அவளின்ரை கடையை எழுப்பேலாது!"

தீர்ப்பு வந்த அன்று, கோயில் வாட்ஸ்அப் குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் சாரதாதேவி அனுப்பிய அதே சிரிப்பு.