பலகையின் மறுமுனை

"எந்திரிக்காதீங்க! சத்தியமா சொல்றேன், நீங்க எந்திரிச்சா நான் காலி!"

இரண்டாவது மாடி ஜன்னலுக்கு வெளியே, பெயிண்டர் போட்டிருந்த பலகையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு கத்தினான் வேர்ச்சொல். அகராதி ஆபீசில் அவனுக்கு அதுதான் பெயர். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அதன் பூர்வீகத்தைத் தோண்டாமல் விடமாட்டான்.

பலகையில் பாதி வெளியே, அந்தரத்தில். மீதிப் பாதி ஜன்னல் வழியாக அறைக்குள் வந்து, குட்டையான இரும்பு அலமாரி மேல் படுத்திருந்தது. அந்த முனையில் கோணிச் சாக்கை விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் அவனுடைய சக துணையாசிரியை. மூன்று வருஷமாக ஒரே மேஜையில் எதிரும் புதிருமாகச் சண்டை போடுகிறவள். இப்போது அவள் எடையில்தான் அவன் உயிர்.

பெயிண்டர் டீ குடிக்கப் போயிருந்தார்.

எல்லாம் 'பேலன்ஸ்' என்ற சொல்லால் வந்த வினை. அதன் பூர்வீகத்தை அவன் எழுதி வைத்திருந்த சீட்டு இன்றே அச்சுக்குப் போக வேண்டும். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்தால், "ஐயோ, உங்க சீட்டு!" என்று அவள் ஜன்னலைக் காட்டினாள். பலகையின் வெளிமுனையில், ஈரப் பெயிண்டில் ஒரு சீட்டு மடிந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான் உக்காந்து அழுத்திக்கறேன், நீங்க போய் எடுங்க" என்றதும் அவள்தான்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது. அப்படியே பையில சொருகிட்டேன். தலை சுத்துதுங்க. கீழ நிக்கற சைக்கிளெல்லாம் எறும்பு மாதிரி தெரியுது."

"ரெண்டாவது மாடிக்கே எறும்பா? கண்ணை மூடிக்கிட்டு எதையாவது பேசுங்க. அந்த பேலன்ஸ் கதையையே சொல்லுங்க. அதைக் கேட்டு இதுவரைக்கும் யாரும் முழிச்சிருந்ததில்ல."

"லத்தீன்லேர்ந்து வந்ததுங்க அது. ரெண்டு தட்டு வச்ச தராசுன்னு அர்த்தம். பஸ்ல கேக்கற பேலன்ஸ், கயித்து மேல நடக்கறவன் பிடிக்கற பேலன்ஸ், எல்லாம் அந்த ரெண்டு தட்டுலேர்ந்து பிறந்ததுதான்."

"ஒரு தட்டு போயிட்டா?"

"அப்புறம் அதுக்கு அந்தப் பேரே கிடையாது."

அப்போது அறைக்குள் டெலிபோன் அலறியது.

"அட, வெளியூர் பத்திரிகைக்காரங்க!" என்றாள் அவள். "வேலைக்கு வரேனா இல்லையான்னு நாலு மணிக்குள்ள சொல்லணும். நாளைக்கே சேரணுமாம். எடுத்துப் பேசிட்டு வந்துடறேன். அஞ்சே அடிதான்."

வேர்ச்சொல் பலகையை இறுகக் கட்டிக்கொண்டான். "எடுக்காதீங்க!"

"ஏன்?"

"ஏனா? நான் விழுந்துடுவேங்க!"

"சரி, அது இன்னிக்கு. நாளைக்கு நான் ஊரைவிட்டுப் போனா?"

நாற்பதாயிரம் சொற்களின் பூர்வீகம் தெரிந்தவனுக்கு, மூன்று வருஷமாக ஒரே ஒரு வாக்கியம் மட்டும் வாயில் வந்ததில்லை.

டெலிபோன் விடாமல் அடித்தது.

"நாளைக்கும் விழுந்துடுவேன்" என்றான், முனகலாக.

"கேக்கலையே. மணிச் சத்தம்!"

"நாளைக்கும் விழுந்துடுவேன்! தினமும் விழுவேன்! நீங்க இல்லாம அந்த மேஜையில யார்கூடங்க சண்டை போடுவேன்? போகாதீங்க. என்னைக் கட்டிக்கங்க!"

தெருவில் யாரோ விசில் அடித்தார்கள்.

மணிச் சத்தம் நின்றது.

"ஹலோ" என்றது அவள் குரல். பலகையிலிருந்து அல்ல. மேஜைப் பக்கத்திலிருந்து.

எழுந்துவிட்டாள்! வேர்ச்சொல் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஒன்று... இரண்டு... மூன்று... பலகை இம்மியும் அசையவில்லை. இதயம் மட்டும் தாறுமாறாக ஆடியது.

"மன்னிக்கணும் சார், வர முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் அவள். "இங்க ஒருத்தர் தினமும் விழப்போறாராம்."

தவழ்ந்து தவழ்ந்து உள்ளே வந்து தரையில் பொத்தென்று உட்கார்ந்தான். மேஜையில், பேப்பர்வெயிட்டுக்கு அடியில், 'பேலன்ஸ்' பூர்வீகம் எழுதிய அவனுடைய சீட்டு பத்திரமாக இருந்தது.

"அப்போ... நான் எடுத்தது?"

"ஊர்ல இருக்கற சொல்லையெல்லாம் தோண்டுவீங்க. கையில கிடைச்சதைப் பிரிச்சுக்கூடப் பாக்கல!"

பையிலிருந்த சீட்டை உருவிப் பிரித்தான். அவளுடைய குண்டு குண்டான கையெழுத்து:

'பயப்படாதீங்க, காலையிலேயே பெயிண்டரை விட்டுப் பலகையை அலமாரியோட சேர்த்து நாலு போல்ட் போட்டு முறுக்கியாச்சு. திரும்பி வந்து தைரியமா கேளுங்க. எனக்குச் சம்மதம்.'