பேழைக்குக் கீழே ஒரு தலை

பற்றுகள் அனைத்தையும் வென்ற மனிதர் ஹீன்பண்டா. புத்த விகாரையைப் பராமரிக்கும் ஊராரின் தாயக சபை, பேழை சுமக்கும் பணியிலிருந்து அவரை நீக்கிய நாளிலிருந்து அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது காலை வெயிலில் தன் வேலியோரம் நின்று, பிக்குகளுக்குத் தானம் கொடுக்கும் வீட்டை நோக்கிப் போகும் ஊர்வலத்தைப் பார்க்கிறார். மேளம் அதிர்கிறது, வெள்ளைக் குடை ஆடி ஆடி வருகிறது. இத்தனை வருடம் அவர் சுமந்த புத்தரின் புனித எச்சம் அடங்கிய தாதுப் பேழை இன்று சிறிவர்தன முதலாளியின் எண்ணெய் மின்னும் தலையில் ஏறி வருகிறது. பேழை கடக்கும்போது கும்பிட்டே ஆக வேண்டும். கும்பிட்டால் முதலாளியையும் சேர்த்துக் கும்பிட்டதாகிவிடும். கைகள் நெஞ்சுக்கு மேலே எழ மறுக்கின்றன. “மேல தூக்குங்க. புத்தர் பேழையில இருக்காரு, முதலாளி தொந்தியில இல்ல,” என்கிறாள் மனைவி லீலாவதி. “அந்த மண்டை நடுவுல நிக்குதே!” “அப்ப எட்டிக் கும்பிடுங்க.” கும்பிடு முதலாளியைத் தாண்டி நேரே பேழைக்குப் போகட்டும் என்று ஹீன்பண்டா நுனிக்காலில் எம்பி, கூப்பிய கைகளை உச்சிக்கு மேலே நீட்டுகிறார். இவ்வளவு பணிவாக அவரை ஊரில் யாரும் பார்த்ததில்லை. பேழையைச் சுமப்பதால் தலையசைக்க முடியாத முதலாளி, கண் கலங்கி அவரைப் பார்த்துப் புன்னகைக்கிறார். ஹீன்பண்டாவும் பதிலுக்குச் சிரித்துவிடுகிறார்.