கொத்து ஓய்ந்த நேரம்

பிரான்சில், ரூ லூயி-பிளாங் தெருவிலுள்ள தமிழ்ச் சாப்பாட்டுக் கடையின் கண்ணாடியோரம், மாலை வெயில் முகத்தில் விழும்படி இலோனா மாதாம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். ஹங்கேரியிலிருந்து வந்து, பிரெஞ்சு மேடைகளிலும் படங்களிலும் வேலைக்காரியாகவும் குறிசொல்பவளாகவும் கிழடுதட்டும்வரை நடித்தவர். இன்று இரவுக்குள் ஒரேயொரு பிரெஞ்சு வசனத்தைப் பேசிப் படம்பிடித்து அனுப்பினால் இன்னொரு படம் கிடைக்கக்கூடும். பரிமாறுகிற சிவாஜினி கைபேசியை நீட்டிப் பிடித்திருக்கிறாள். முதல் தடவை மாதாம் அழகாகத்தான் பேசினார். கல்லில் கொத்துரொட்டி கொத்துகிற தகடுகளின் சத்தம் அதை விழுங்கிவிட்டது. “அண்ணை, ஒரு நிமிசம் கொத்தாதேங்கோ!” என்கிறாள் சிவாஜினி. “சனம் பசியிலை நிக்குது பிள்ளை. கெதியா முடி உன்ரை சினிமாவை,” என்று முதலாளி குணரத்தினம் தகடுகளைக் கீழே வைக்கிறார். கல்லில் எண்ணெய் மட்டும் பொரிகிறது. மாதாமின் உதடுகள் திறந்து, அசையாமல் நிற்கின்றன. அந்த அமைதியில் பிரெஞ்சு வரவில்லை. கண்கள் கூரையெங்கும் அலைகின்றன. பிறகு சொற்கள் தட்டுத்தடங்கலின்றி வருகின்றன, அவருடைய ஹங்கேரிய மொழியில். குரல் உடைய வேண்டிய இடத்தில் சரியாக உடைகிறது. “மனிசி பின்னிப்போட்டுது!” என்று பார்சலுக்கு நிற்கிற ஒருவர் கைதட்ட, எல்லாரும் தட்டுகிறார்கள். தான் எந்த மொழியில் பேசினோம் என்பதே தெரியாமல், மாதாம் எழுந்து நெஞ்சில் கைவைத்துத் தலை குனிகிறார். சிவாஜினி கைபேசியை இறக்க முடியாமல் நிற்கிறாள்.