சிர்பா வீட்டு ஏற்றம்

"இது டயரா, வழுக்கைத் தலையா?" என்று லாரிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான் டயர் கடை ஹன்னு. "இத வச்சுக்கிட்டு பனியில பால் வண்டி ஓட்டுறியே, உனக்கு உயிர் மேல ஆசையே இல்லையா?"

யார்மோ கையுறையைக் கழற்றிக் கழற்றி மாட்டினான். "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்ப்பா."

"கஞ்சப்பய! சிர்பா பண்ணை ஏத்தத்துல வாரா வாரம் நீ சறுக்கி மாட்டிக்கிறது கயானி ஊரு முழுக்கத் தெரியும்."

கஞ்சத்தனமெல்லாம் இல்லை. சறுக்கினால் பண்ணைக்காரி சிர்பா டிராக்டரோடு வருவாள். சங்கிலியை மாட்டி, "மெதுவா, மெதுவா" என்று சத்தம் போட்டுக்கொண்டே லாரியை மேலே இழுப்பாள். பிறகு சூடாகக் காபி, ஏலக்காய் பன். மனைவி பிரிந்துபோன பிறகு யார்மோவிடம் வேறு யாரும் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசியதில்லை. சறுக்காவிட்டால் பாலை ஏற்றிக்கொண்டு ஒரு தலையசைப்போடு திரும்ப வேண்டியதுதான்.

ஆனால் பால் கம்பெனி நேற்றுக் கறாராகச் சொல்லிவிட்டது. இன்னொரு தடவை வண்டி சிக்கினால் அந்த வழித்தடம் வேறு டிரைவருக்கு. வழித்தடம் போனால் சிர்பாவும் போனாள்.

"சரி, நல்லதா மாட்டு," என்றான் யார்மோ, பல்லைப் பிடுங்கக் கொடுப்பவனைப் போல.

"குளிருக்கு விறைக்காத ரப்பர், ஆழமான பட்டன் வெட்டு, ஐஸைக் குத்திப் பிடிக்கப் பின் சக்கரத்துல ஆணி. எல்லாம் போட்டாச்சு," என்றான் ஹன்னு. "அதுக்காகத் திமிர்ல பிரேக்கப் போட்டு மிதிச்சிடாத. ஏத்தத்துல ஒரே கியரு, ஒரே வேகம். புரிஞ்சுதா?"

மறுநாள் வழியெல்லாம் காய்ந்த பொடிப் பனி, மாவு மாதிரி பறந்தது. சிர்பா வீட்டு ஏற்றம் மட்டும் வழக்கம்போலப் பனிக்கட்டி இறுகிக் கண்ணாடியாக மின்னியது.

யார்மோ ஒரே கியரில் பிடித்தான். ஆணிகள் கரகரவென்று பனிக்கட்டியைக் கவ்வின. லாரி ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் மேலே போய் நின்றது. பத்திரமாக வந்து சேர்ந்ததற்காக அவ்வளவு வருத்தப்பட்ட டிரைவர் அந்தப் பக்கத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அங்கே டிராக்டர் ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது. கையில் சங்கிலியோடு நின்ற சிர்பாவின் முகம் தொங்கிப்போனது.

"என்ன, சறுக்கலையா?"

"புது டயருங்க. இனிமே சறுக்காது." யார்மோ தொண்டையைச் செருமிக்கொண்டான். காது இரண்டும் சூடேறின. "சும்மா... காபிக்கு மட்டும் வரலாமாங்க?"

சிர்பா சங்கிலியைப் பொத்தென்று பனியில் போட்டாள்.

"இத முதல்லயே கேட்டிருந்தா, விடியக்காலையில எழுந்து நான் அந்த ஏத்தத்துல வாளி வாளியா தண்ணி ஊத்தியிருக்க வேணாம்ல?"