பூட்டிய பக்கம்

“எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் சார். என் பொண்ணோட பக்கத்தைத் திறந்து, அந்தக் குழந்தை முகத்தை ஒரே ஒரு தடவை காட்டுங்க, போதும்.”

சைபர் பிரிவு இன்ஸ்பெக்டர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், மனு கொடுக்க வருகிறவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

“பொண்ணு காணாமப் போயிட்டாளா?”

“இல்ல சார். மனசுக்குப் பிடிச்சவனைக் கட்டிக்கிட்டு நல்லாத்தான் இருக்கா. எங்க மேல கோபம், பேச்சுவார்த்தை கிடையாது. பேத்தி பிறந்ததே பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். நெட்ல அவ பக்கத்துல படம் போட்டிருக்காளாம். நண்பர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி பூட்டி வெச்சிருக்கா.”

“அப்போ அது அவளோட சொந்த விஷயம். வழக்கு இருக்கணும், கோர்ட் உத்தரவு இருக்கணும். அது இல்லாம போலீஸே எட்டிப் பார்த்தாலும் தப்புதாம்மா.”

கல்லுளிமங்கன்! அந்த அம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தை யார் சாயல், தலை நிறைய முடி இருக்கிறதா, ஒன்றும் தெரியாமல் அவளுக்குச் சோறே இறங்கவில்லை. இந்த மனுஷருக்கோ சட்டம்தான் பெரிது.

“வழக்குதானே வேணும்? என் வளையலை அவ திருடிட்டுப் போயிட்டாள்னு எழுதிக்குங்க!”

பக்கத்து மேஜைப் பெண் கான்ஸ்டபிள் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“திருடினாளா?”

அம்மாளின் குரல் இறங்கியது. “இல்ல... யாருக்கும் தெரியாம நானேதான் கையில மாட்டி அனுப்பினேன்.”

இன்ஸ்பெக்டர் அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“பொய்ப் புகார் கொடுத்தா உங்க மேலதான் கேஸ் வரும்.”

“வரட்டும்! உங்களுக்கெல்லாம் பெத்த மனசு இருந்தாத்தானே!”

அவர் கான்ஸ்டபிளை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனதும், தன் கைப்பேசியை மேஜைமேல் நகர்த்தினார். திரையில் அதே பூட்டிய பக்கம். அவர் அனுப்பிய நட்பு வேண்டுகோள் இன்னும் ஏற்கப்படாமல் கிடந்தது.

“அன்னிக்கு அவளை வெளியே போன்னு சொன்னது நான். இன்னிக்குத் திறக்க வேண்டியது அவதான்,” என்றார். “வீட்ல சொன்னதையேதான் இங்கயும் சொல்றேன், நீ கேட்டாத்தானே! எழுந்திரு, போகலாம். நம்ம பேத்தி யார் சாயல்னு தெரியாம எனக்கு மட்டும் சோறு இறங்குதா?”