மருந்து தடவிய கடலை

அண்ணன் மகளின் நாக்கு பச்சைப்பசேலென்று இருந்தது.

வழக்கம்போல இலை தழையை மென்றிருப்பாள் என்றுதான் நினைத்தேன். மூடியிருந்த கையை விரித்துப் பார்த்தேன். பாதி கடித்த கடலை. அதுவும் அதே பச்சை.

"அண்ணே! விதைக்கடலையத் தின்னுட்டா!"

விதைச் சாக்கின் பக்கம் யாரும் போகக்கூடாது என்பது அண்ணி போட்ட சட்டம். சண்டை ஓய்ந்து ஊர் திரும்பிய வருடம் நிவாரணத்தில் விதை கொடுத்தார்கள். பசி தாங்காமல் வறுத்துத் தின்று தீர்த்தோம். கண்ணிவெடி எடுத்துக் கொடுத்த நிலம் ஒரு பருவம் முழுக்கச் சும்மா கிடந்தது. இந்த வருடம் மறுபடி ஒரு சாக்கு கொடுத்து, இதோடு சரி, இனி விதை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பூச்சி அண்டாமலிருக்க விஷ மருந்து தடவிய விதை என்று, வாங்கி வந்த அண்ணிதான் சொன்னாள். சாக்கைத் தொட்டுவிட்டால் முழங்கைவரை சாம்பல் போட்டுத் தேய்ப்பாள். பாம்பைத் தூக்கிப் போட்டவள்கூட அப்படிக் கழுவமாட்டாள். நானும் அண்ணனும் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். ஆனாலும் சாக்குக்குக் கிட்டே போகமாட்டோம்.

அண்ணன் பிள்ளையைக் கவிழ்த்துப் போட்டுத் தொண்டைக்குள் விரலை விட்டான். வாந்தி வரவில்லை. ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாலமோ இடிந்து கிடக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மடியில் என் கைப்பிள்ளை வேறு, பாலில்லாத மார்பைச் சப்பிச் சப்பி அலறிக்கொண்டிருந்தான்.

அண்ணி வாசலில் நின்றாள். இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி வைக்கக்கூட இல்லை. மகள் மூச்சுத் திணறுகிறாள், இவள் என்னடாவென்றால் சாக்கைப் பார்க்கிறாள், எங்களைப் பார்க்கிறாள். பெற்றவளா இவள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் உப்பைக் கரைத்து, பிள்ளையின் வாயில் ஊற்றப் போனான்.

"விடுங்க அவள! அது விஷமில்ல. மிட்டாய்க்குப் போடற கலர்ப் பொடி. நான்தான் போட்டுப் புரட்டி வச்சேன்."

அண்ணன் அப்படியே நின்றுவிட்டான். பிள்ளை இருமி, மூக்கை உறிஞ்சி, மிச்சப் பாதியையும் வாயில் போட்டுக்கொண்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அப்புறம் அண்ணன் சாக்கைப் பார்த்தான்.

அண்ணி குடத்தோடு போய்ச் சாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டாள். மழைக்கு இன்னும் ஒரு மாதமாவது ஆகும். எங்கே வாயைத் திறந்துவிடுவானோ என்று புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு கைப்பிடி எடுத்தா, விதைக்கக் குறைஞ்சிடுமா அண்ணி?"

கேட்டது நான்.