வாய்க்கு நேராக

அருங்காட்சியகத்துக்காகச் செப்பனிட்டுக்கொண்டிருந்த பழைய ரயில் மரவேகன் அது. வெளியே மாட்டவேண்டிய பலகையில் ‘நெல் ஏற்றிய வண்டி’ என்று எழுதியிருந்தது. ஓட்டை எங்கே என்று பார்க்கத் தச்சர் சூசை உள்ளே நின்றார். பெயிண்டர் பிச்சாண்டி கதவை இழுத்துத் தாழிட்டார். தாழ் வெளியே மட்டுந்தான்.

இருட்டில் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. கூரையில் ஒன்றுமில்லை. எல்லாம் பக்கப் பலகையில், நின்றால் வாய்க்கு நேராக. சூசை தடவிப் பார்த்தார். உள்ளேயிருந்து எதையோ வைத்துக் குடைந்த துளைகள். இடுப்பு உயரத்திலும் இரண்டு இருந்தன.

பிச்சாண்டி வெளியே பட்டி பூசி அடைத்துக்கொண்டே வந்தார். புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

“இன்னும் வெளிச்சம் தெரியுதாண்ணே?”

சூசை மண்டியிட்டு, கீழே மிச்சமிருந்த ஒரே துளையில் வாயை வைத்திருந்தார். பதில் சொல்ல வேண்டுமானால் வாயை எடுக்க வேண்டும்.